அரவை மில்லில் கிடைத்த ஆசிரியை



கூலி வேலையிலிருந்து சொந்தத் தொழிலுக்கு வரும்போது நமக்குக் கடன் கிடைக்கிறது, பயிற்சியும் கிடைக்கிறது. ஆனால் தொழில் தொடங்கிய பிறகு தினமும் வருகிற சந்தேகத்தை யாரிடம் கேட்பது? எங்கள் குழுவுக்கு நேர்ந்ததையே இந்த மாதப் பாடமாக எழுதுகிறோம்.

நாங்கள் ராமநாதபுரம் மாவட்டத்தில் 12 பேர் கொண்ட குழு. மிளகாய்க் காலம் வந்தால் பழம் பறிக்கப் போவோம். எங்கள் மாவட்டத்து முண்டு மிளகாய்க்கு 2023-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. "பறிக்கிற நாமளே அரைச்சு வித்தா என்ன?" என்று கூட்டத்தில் பேச்சு வந்தது. தீர்மானம் போட்டு, வங்கிக் கடன் வாங்கி, மிளகாய்த்தூள் தொழிலைத் தொடங்கினோம்.

முதல் அடி

மிளகாய் நமக்குத் தெரிந்ததுதானே என்று இருந்துவிட்டோம். இரண்டே வாரத்தில் கடைக்காரர் 40 பாக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தார். தூள் கட்டி தட்டிப்போய், பூஞ்சை வாடை அடித்தது. அந்த மாதத் தவணையைச் சேமிப்பிலிருந்து எடுத்துக் கட்டினோம். "நாளையிலிருந்து காட்டு வேலைக்கே போறோம்" என்று இரண்டு பேர் சொல்லிவிட்டார்கள்.

என்ன தவறு என்று கேட்க மில்லுக்குப் போனோம். முதலாளிக்கு நேரமில்லை. அங்கே கூட்டிப் பெருக்கி, மாவு சலிக்கிற அக்காதான் பாக்கெட்டை வாங்கி மோந்து பார்த்தார். "ஏம்மா, சூட்டோட கட்டுனீங்களா?" என்றார்.

எங்களுக்குத் தலை குனிந்துவிட்டது. இந்த அக்கா நாலு வருசத்துக்கு முன் எங்கள் குழுவில் சேரக் கேட்டவர். தினக்கூலிக்காரர், வாரச் சேமிப்பை ஒழுங்காகக் கட்ட மாட்டார் என்று நாங்கள்தான் வேண்டாம் என்றோம். பல வருசமாக யார் யார் என்ன அரைக்கிறார்கள், எது கெட்டுப்போகிறது என்று பார்த்துப் பார்த்துக் கற்றவர் அவர்.

அக்கா சொன்ன பாடங்கள்

1. முண்டு மிளகாய் உருண்டையானது. உள்ளே ஈரம் தங்கும். ஆட்டினால் விதை கலகலவென்று சத்தம் கேட்க வேண்டும். கிள்ளினால் வளையாமல் ஒடிய வேண்டும். அதுவரை காய வையுங்கள்.

2. மண் தரையில் காய வைக்காதீர்கள். தார்ப்பாயில் பரப்பி, பனி இறங்கும் முன் மூடுங்கள். பூஞ்சை பிடித்த காயைப் பொறுக்கி எறியுங்கள். பூஞ்சையால் உண்டாகிற நஞ்சு கல்லீரலைக் கெடுக்கும் என்று பிறகு பயிற்சியில் தெரிந்துகொண்டோம்.

3. மில்லில் நமக்கு முன் வேறொருவர் அரிசி அரைத்திருப்பார். முதலில் ஒரு பிடி மிளகாயைப் போட்டு ஓட்டி, அந்தத் தூளைத் தனியாக ஒதுக்குங்கள்.

4. அரைத்த தூள் சூடாக வரும். சுத்தமான தட்டில் பரப்பி நன்றாக ஆறவிட்டுத்தான் கட்ட வேண்டும். "சூட்டோட கட்டுனா உள்ள வேர்க்கும். வேர்த்தா கட்டி தட்டும்" என்றார் அக்கா.

கணக்கும் கற்றுத் தந்தார்

எழுதப் படிக்கத் தெரியாத அந்த அக்கா ஒரே ஒரு கேள்வி கேட்டார். "போட்டது எவ்வளவு, வந்தது எவ்வளவு?" நாங்கள் எடை போட்டே பார்த்ததில்லை. அப்புறம்தான் உட்கார்ந்து இப்படி எழுதினோம்:

மிளகாய் 10 கிலோ, கிலோ 200 ரூபாய் வீதம் – 2,000
வண்டிச் சத்தம் – 100
அரவைக் கூலி – 150
கவர், லேபிள் – 150
நம் கூலி – 600
மொத்தம் – 3,000 ரூபாய்

காம்பு கிள்ளி, காய்ந்து, அரைத்து வந்த தூள் 8 கிலோதான். அப்படியானால் ஒரு கிலோ 375 ரூபாய் அடக்கம். நாங்களோ 260 ரூபாய்க்கு விற்று, கிலோவுக்கு 60 ரூபாய் லாபம் என்று சந்தோசப்பட்டோம்! நம் கூலியைச் சேர்க்காவிட்டாலும் அடக்கம் 300 ரூபாய். விற்க விற்க நட்டம்தான். உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களும் கணக்குப் பாருங்கள்.

அக்காவுக்குத் தெரியாததும் உண்டு. உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்வது, பாக்கெட்டில் பதிவு எண், நிகர எடை, தயாரித்த தேதி, விலை அச்சிடுவது எல்லாம் கூட்டமைப்பில் கேட்டுச் செய்தோம். ஒருவரிடமே எல்லாம் கிடைக்காது.

நாங்கள் திருத்திக்கொண்டது

சும்மா கேட்டுக்கொண்டு வந்துவிடவில்லை. அக்கா எங்களோடு நின்று சொல்லித் தந்த நாட்களுக்குக் கூலி கொடுத்தோம். குழுவில் சேரும்படியும் கேட்டோம். "சனிக்கிழமைதாம்மா கைல காசு வரும். நீங்க செவ்வாய்க்கிழமை கேட்டா எங்க போவேன்?" என்றார். இதை அன்றைக்கே கேட்டிருக்கலாமே என்று தோன்றியது. கூட்டத்தைச் சனிக்கிழமை சாயங்காலத்துக்கு மாற்றினோம். இப்போது 13 பேர். அக்கா ஒரு வாரம்கூடச் சேமிப்பைத் தவறவிடவில்லை. போவதாகச் சொன்ன இரண்டு பேரும் எங்களோடுதான் இருக்கிறார்கள். சேமிப்பிலிருந்து எடுத்த பணத்தை மூன்று மாதத்தில் திருப்பி வைத்துவிட்டோம்.

கூட்டத்தில் கலந்து பேசுவோம்

* நம் தொழிலைப் பல வருசமாகப் பக்கத்தில் இருந்து பார்த்தவர் ஊரில் யார்? அவரிடம் நாம் கேட்டதுண்டா?
* நம் பொருளின் அடக்க விலையில் நம் கூலி சேர்ந்திருக்கிறதா?
* சேமிக்க முடியாது என்று நாம் ஒதுக்கிய பெண் யார்? அவருக்கு எந்த நாள் கையில் காசு வரும்?

பதிலைத் தீர்மான நோட்டில் எழுதி, அடுத்த கூட்டத்தில் படித்துப் பாருங்கள்.