மொட்டை மாடி கிரில்: கரியா, கேஸா?

செமஸ்டர் எக்ஸாம் முடிஞ்ச அன்னைக்கு நைட் மாடியில கிரில் போடலாம்னு எல்லா கேங்குலயும் ஒரு பிளான் இருக்கும். மயிலாப்பூர், தி.நகர், அடையாறு எங்கே பார்த்தாலும் வீட்டுக்குப் பின்னால் இருப்பது அடுத்த வீட்டுச் சுவர்தான். அதனால் நமக்கு வாய்த்த தோட்டம் மொட்டை மாடிதான். பிளான் போட்ட அஞ்சாவது நிமிஷம் சண்டை வரும். "கரியில சுட்டாதான் டேஸ்ட்" என்று ஒரு குரூப். "எவன் விசிறிட்டு உக்காந்திருப்பான், கேஸ் வாங்குடா" என்று இன்னொரு குரூப். ஹீட் டிரான்ஸ்ஃபர் படிச்சு பாஸ் பண்ணின நாம இதைக் கொஞ்சம் கணக்கு போட்டே பார்க்கலாம்.

முதல்ல ஒரு நம்பிக்கையை உடைக்கணும். கரிக்கென்று தனி வாசனை பெரிசா ஒன்றும் கிடையாது. தமிழ்நாட்டில் கிடைக்கிற கரி பெரும்பாலும் சீமைக்கருவேலம். ராமநாதபுரம் பக்கம் விறகை அடுக்கி, மண் பூசி மூடி, காற்று அதிகம் போகாமல் எரிய விடுவார்கள். இதுதான் கரிமூட்டம். மரத்தில் புகையாகக் கூடிய பொருட்களில் பெரும்பகுதி அங்கேயே போய்விடும். மிச்சம் பெரும்பாலும் கார்பன்தான். நன்றாகக் கனன்ற கரியில் புகையே அவ்வளவாக வராததற்கு இதுதான் காரணம். அப்போ அந்த வாசனை? சிக்கனிலிருந்து சொட்டுகிற கொழுப்பும் மசாலாவும் தணல் மேல் விழுந்து கருகி, புகையாக மேலே வந்து கறியிலேயே ஒட்டுது பாருங்க, அதுதான். கேஸ் கிரில்லிலும் பர்னருக்கு மேலே ஒரு தகடு இருக்கும். அதில் சொட்டினாலும் புகை வரும், ஆனால் கம்மி.

நிஜமான வித்தியாசம் வெப்பநிலையில் இருக்கு. பெசன்ட் நகர் எலியட்ஸ் பீச்சில் சோளம் சுடுறவங்களைக் கவனிங்க. விசிறினதும் கரி சிவப்பிலிருந்து ஆரஞ்சுக்கு மாறும், சோளம் படபடவென்று வெடிக்கும். அங்கே வேலை செய்வது பெரும்பாலும் கதிர்வீச்சு. தணல் 800 டிகிரி செல்சியஸ், கேஸ் கிரில் தகடு 400 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். கெல்வினில் 1073, 673. ஸ்டீஃபன்-போல்ட்ஸ்மன் விதிப்படி நாலாம் அடுக்கு போட்டால், ஒரே பரப்பிலிருந்து வரும் கதிர்வீச்சு கரியில் சுமார் 6.5 மடங்கு. இன்னொன்று, கேஸ் எரியும்போது தண்ணீரும் உருவாகும். 1 கிலோ எல்பிஜி எரிஞ்சா ஒன்றரை கிலோவுக்கு மேல் நீராவி. கரி எரிஞ்சா அது கிட்டத்தட்ட கிடையாது. அதனால்தான் கரியில் மேல்தோல் சீக்கிரம் காய்ந்து மொறுமொறுப்பாகுது.

ஆனால் 6.5 மடங்கு எல்லாத்துக்கும் நல்லதில்லை. நொச்சிக்குப்பம் மார்க்கெட்டில் வாங்கின சங்கரா மீன், சோளம், பன்னீர் டிக்கா இதெல்லாம் சட்டென்று வேகுறவை. அதுக்குக் கரி அருமை. முழு லெக் பீஸை அதே தணலில் வைத்தால் வெளியே கருகி உள்ளே ரத்தம் நிற்கும். கரியை ஒரு ஓரமாகத் தள்ளிவிட்டு, கறியைக் காலிப் பக்கம் வைத்து மூடி போட்டு வேகவிட்டு, கடைசி அஞ்சு நிமிஷம் தணலுக்கு நேராகக் கொண்டு வாங்க. கேஸ் என்றால் நாபைத் திருப்பினால் போதும். பத்து பேருக்கு லெக் பீஸ்தான் மெனு என்றால் என் ஓட்டு கேஸுக்கு.

கேஸில் பார்க்க வேண்டியது ஒன்றுதான். எல்பிஜி காற்றைவிடக் கனமானது, கசிந்தால் மேலே போகாது, தரையில் தேங்கும். சிலிண்டரை மாடிப்படி அறைக்குள்ளோ கைப்பிடிச் சுவர் மூலையிலோ வைக்காதீங்க. பற்றவைக்கும் முன் குழாய் இணைப்பில் சோப்பு நுரை தடவினால் கசிவு குமிழியாகத் தெரியும்.

கரியில் பொறுமை வேணும். மண்ணெண்ணெய் வேண்டாம், மீன் முழுக்க அந்த நாத்தம்தான். கொட்டாங்குச்சியும் ரெண்டு கற்பூரமும் போதும். பழைய எண்ணெய் டின்னின் மேல், அடி இரண்டையும் வெட்டி, கீழ் ஓரத்தில் சுற்றிலும் ஓட்டை போட்டு அதற்குள் கரியை அடுக்கினால் புகைபோக்கி மாதிரி காற்றைத் தானே இழுத்துக்கொள்ளும். மேலே சாம்பல் பூக்க எப்படியும் அரை மணி நேரம் ஆகும். சாயங்காலக் கடற்காற்று கிழக்கிலிருந்து வரும், அதனால் கிரில்லை மாடியின் மேற்கு ஓரத்தில் வைங்க. கிழக்கு ஓரத்தில் வைத்தால் புகை முழுக்க உங்க மூஞ்சிலதான். மேற்கே பக்கத்து வீட்டு மாமி துணி காயப்போட்டிருந்தால் முதல்லயே சொல்லிட்டு வாங்க, அசோசியேஷன் மீட்டிங் வரைக்கும் போக வேண்டாம்.

நான் கரி கட்சிதான். ஆனாலும் கரியில் எனக்குப் பயம் தருவது சாப்பிட்டு முடித்த பிறகு வரும் நேரம். தீ அணைந்த மாதிரி இருக்கும் தணல்தான் அதிகமாக கார்பன் மோனாக்சைடு விடும். காற்று போதாமல் கார்பன் அரைகுறையாக எரிவதன் விளைவு அது. நிறமில்லை, மணமில்லை. ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டும். தலைவலி, மயக்கம் வரும், தூங்குறவனுக்கு அதுவும் தெரியாது. 2024இல் கொடைக்கானலில் பார்பிக்யூ அடுப்பைக் குளிருக்காக அறைக்குள் வைத்துத் தூங்கிய இளைஞர்களில் இருவர் எழுந்திருக்கவே இல்லை. சென்னையில் குளிர் கிடையாது, ஆனால் நவம்பர் மழை உண்டு. திடீர்னு கொட்டினால் நாம என்ன பண்ணுவோம்? அடுப்பைத் தூக்கிக்கிட்டு மாடி ரூமுக்குள்ள ஓடுவோம். செய்யாதீங்க. சாப்பாட்டை மட்டும் எடுத்துக்கிட்டு ஓடுங்க, கரி நனையட்டும்.

மழை இல்லாத நாளில் மூடியையும் காற்றுத் துளைகளையும் அடைத்து வைங்க, தானே அணையும். மிச்சக் கரி அடுத்த தடவைக்கும் உதவும். சாம்பலைப் பிளாஸ்டிக் குப்பைத் தொட்டியில் கொட்டாமல் இரும்பு வாளியில் போட்டு, தண்ணீர் ஊற்றி, மறுநாள் காலை வரை மாடியிலேயே விட்டுடுங்க.