டெல்லிக்கு டீச்சராகப் போகிறீர்களா?

டெல்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளிகளில் வேலை கிடைத்தவர்களுக்குச் சில குறிப்புகள்.

ராமகிருஷ்ணபுரம் கிளையென்றால் முனிர்காவில் வீடு தேடுங்கள். இட்லி மாவு, கறிவேப்பிலை பக்கத்திலேயே கிடைக்கும். மலை மந்திர் முருகன் கோயிலும் டெல்லித் தமிழ்ச் சங்கமும் அருகில்தான். லோதி எஸ்டேட் கிளைக்கு ஜவஹர்லால் நேரு ஸ்டேடியம் மெட்ரோ வசதி. வாடகை ஒப்பந்தம் பெரும்பாலும் 11 மாதம். போலீஸ் சரிபார்ப்புப் படிவத்தை வீட்டுக்காரர் கொடுத்துவிட்டாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

குளிருக்கான ரஜாயை (பஞ்சு வைத்துத் தைத்த போர்வை) ஊரிலிருந்து சுமக்காதீர்கள், அங்கேயே மலிவு. கம்பளி உடுப்பும் அப்படியே. டிசம்பர், ஜனவரி மூடுபனியில் பஸ்ஸை நம்பாமல் மெட்ரோவில் போங்கள். அப்போது ரயில்களும் தாமதமாகும், டிக்கெட் எடுக்கும்போது ஒரு நாள் கூடுதலாக விட்டுவையுங்கள்.

ஹிந்தி? எண்களையும் காய்கறிப் பெயர்களையும் முதலில் பழகுங்கள். மீதியைப் பிள்ளைகளே கற்றுக்கொடுப்பார்கள், உங்களைக் கேலி செய்துகொண்டே!