திராக்ஷைக் கவாத்தும் பருவ மழையும்

நமது கோயமுத்தூர் ஜில்லாவில் தொண்டாமுத்தூர், மாதம்பட்டி முதலிய மலையடிவாரக் கிராமங்களில் திராக்ஷை பயிரிடும் சங்க அங்கத்தினர்கள், மகசூல் கெட்ட வருஷங்களில் "மழை கெடுத்துவிட்டது" என்று கூறுவது வழக்கம். ஐப்பசி மழை ஐப்பசியில்தான் வருகின்றது. அச்சமயத்தில் பழம் பந்தலில் தொங்குமா, அல்லது சந்தைக்குப் போயிருக்குமா என்பதைக் கவாத்துச் செய்த நாளே நிர்ணயிக்கின்றது. அந்த நாளில் கடன் சங்கத்துக்கும் ஒரு பங்கு உண்டென்பதை எடுத்துக்காட்டவே இவ்வியாசம் எழுதலாயிற்று.

குளிர் தேசங்களில் திராக்ஷைக் கொடி மாரிக்காலத்தில் இலையுதிர்த்து உறங்குகின்றது. வசந்தத்தில் தானே துளிர்த்து, வருஷத்துக்கு ஒரே போகம் தருகின்றது. துளிர்க்கும் நாள் குடியானவன் வசத்தில் இல்லை. 2021 ஏப்ரலில் பிரான்ஸ் தேசத்தில் துளிர்விட்ட பின் உறைபனி விழுந்து திரளான தோட்டங்கள் கருகின. தென் அமெரிக்காவில் ஆண்டிஸ் மலைச்சாரலில் உயர்ந்த இடங்களில் மதுவுக்கான திராக்ஷை பயிராகின்றது. ஆயிரம் மீட்டர் ஏறினால் உஷ்ணம் ஏறக்குறைய 6 டிகிரி குறைகின்றது. இரவின் குளிர்ச்சியால் பழத்தில் சர்க்கரை ஏறியும் புளிப்பு அழியாமல் நிற்கின்றது. மது வடிப்போர் விரும்புவது இதையே. ஆனால் அங்கே பழம் முற்றும் கோடையில்தான் ஆலங்கட்டி மழையும் விழும். ஆகையால் மெண்டோசா பிரதேசத்தில் கொடிகளுக்கு வலை கட்டுகின்றனர். நம் தேசத்து நாசிக்கில், ஏறக்குறைய 600 மீட்டர் உயரத்தில், வருஷத்தில் இருமுறை கவாத்துச் செய்து ஒரு போகமே எடுத்து, மழையில்லாத ஜனவரி முதல் மார்ச்சு வரை அறுவடை செய்கின்றனர். அவ்வளவு ஜாக்கிரதையாய் இருந்தும் 2014 பிப்ரவரி, மார்ச்சில் ஆலங்கட்டி விழுந்து பெருஞ்சேதம் விளைந்தது.

நம் நிலங்கள் அவ்வளவு உயரமல்ல. கோயமுத்தூர் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 400 மீட்டரே. இங்கே கொடிக்கு உறக்கமே கிடையாது. கத்தி பட்ட அன்றே அதற்குப் புது வருஷம் பிறக்கின்றது. 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியாரால் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டதாகக் கூறப்படும் பன்னீர்த் திராக்ஷை, நல்ல பராமரிப்பில் இரண்டு வருஷத்தில் ஐந்து போகம் வரை தரும். கம்பம் பள்ளத்தாக்கில் விளையும் இவ்வினத்துக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது.

கவாத்துச் செய்து சுமார் இரண்டு வாரத்தில் துளிர். நாற்பது நாளளவில் பூ. ஏறக்குறைய நான்கு மாதத்தில் பழம். இக்கணக்கைப் பஞ்சாங்கத்தின் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மார்கழி, தை மாதங்களில் வெட்டினால் சித்திரை, வைகாசியில் பழம். வெயிலும் வறட்சியும் உள்ள காலமாகையால் நோய் குறைவு, இனிப்பு அதிகம். நீர் மாத்திரம் வேண்டும். வைகாசி, ஆனியில் வெட்டினால் புரட்டாசி, ஐப்பசியில் பழம். கஷ்டம் இரண்டாவதில்தான். பாலக்காட்டுக் கணவாய் வழியாய் வரும் காற்று இளந்துளிர்களை ஒடிக்கும். மலைப்பக்கத்துச் சாரல் இலைகளை நனைத்தபடியே இருந்தால் அடிச்சாம்பல் நோய் காணும். மழையின்றி வானம் மூடியே இருந்தாலோ மேற்சாம்பல் நோய் வரும். முன்னதற்கு ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு, நூறு லிட்டர் தண்ணீர் சேர்ந்த போர்டோக் கலவையை, நோய் கண்ட பின்னன்று, முன்னதாகவே தெளிக்க வேண்டும்.

அங்கத்தினர் பலர் கவனியாத விஷயம் இன்னொன்று. பூத்து முடியும் அந்நாட்களிலேயே, அடுத்த போகத்துக் குலைகள் கணுக்களுக்குள் கருக்கொள்ளுகின்றன. அப்போது பல நாள் வெயில் காணாவிடில் அடுத்த போகம் குறையும். சித்திரைப் பழம் எண்ணிக்கையில் குறைந்தால், முந்திய ஆடியின் மேகத்தையும் நினைத்துப் பார்க்க வேண்டும். அடர்ந்த பக்கக் கிளைகளைக் கிள்ளிப் பந்தலுக்குள் வெளிச்சம் விடுவதன் காரணம் இதுவே.

முற்றிய பழத்தின்மேல் ஐப்பசி மழை விழுவதே யாவற்றிலும் பெரிய நஷ்டம். காய்ந்த நிலம் திடீரென நனைய, பழம் நீரை இழுத்துப் பருத்துத் தோல் வெடிக்கும். வெடித்த ஒரு பழம் குலை முழுவதையும் அழுகச் செய்யும்.

சில வருஷங்களுக்குமுன், நான் தணிக்கை செய்துவந்த ஒரு சங்கத்தில் இரண்டு ஏக்கர் பந்தல் உடைய ஓர் அங்கத்தினர் சித்திரையிலேயே கடன் மனு கொடுத்தார். வைகாசி இரண்டாம் வாரத்தில் வெட்ட உத்தேசம். அடங்கல் நகல் இல்லையென்று மனு திரும்பிற்று. மறுபடி வந்தபோது என் மேஜையில் பதினொரு நாள் கிடந்தது. வெட்டுக்கூலியும் எருவும் இன்றி அவர் ஆனிக் கடைசியில்தான் கத்தி எடுத்தார். பழம் ஐப்பசிக் கடைசியில் முற்றியது. தவணை தவறியதைப் பற்றி விசாரிக்கச் சென்றபோது பந்தலடியில் புளித்த வாடை வீசிற்று. "ஏனுங்க ஐயா, மழை பஞ்சாங்கப்படிதானுங்க வந்துச்சு, உங்க பணந்தானுங்க தப்பி வந்துச்சு" என்றார். அவருக்கு நான் மறுமொழி சொல்லவில்லை.

ஆகவே, திராக்ஷைக் கடனுக்கு நெல் பருவத்தையோ கரும்புப் பருவத்தையோ அளவாக வைப்பது தகாது. ஒவ்வொரு அங்கத்தினரும் கவாத்துச் செய்ய உத்தேசித்த நாளைச் சங்கம் ஒரு புஸ்தகத்தில் பதிந்துகொண்டு, அதற்கு மூன்று வாரத்துக்கு முன்னரே பணம் கையில் சேரும்படி மனுக்களை வாங்க வேண்டும். தவணையை அறுவடைக்கு ஒரு மாதம் கழித்து வைக்கலாம். பணம் எவ்விதத்திலும் ஆனி பாதிக்குள் வராதென்று தெரிந்தால், அப்போகத்துக்கு வெட்டாமல் மார்கழி வரை பொறுப்பதே மேல். ஒரு போகம் விடுவது, செலவு செய்து அழுகவிடுவதைவிட இலேசான நஷ்டம். அறுவடைக்கு ஒரு வாரம் இருக்கையில் நீர் பாய்ச்சுவதை நிறுத்துவதும் மறக்கத்தக்கதன்று.

மேற்சொன்ன அங்கத்தினர் இப்போது தம் இரண்டு ஏக்கரையும் ஒரே நாளில் வெட்டுவதில்லை. ஓர் ஏக்கரை வைகாசி முதல் வாரத்திலும், மற்றதைப் பதினைந்து நாள் கழித்தும் வெட்டுகின்றார். கூலியாட்களும் எளிதில் அகப்படுகின்றனர். பழமும் ஒரே நாளில் சந்தைக்குப் போய் விலை இறங்குவதில்லை. அவருடைய மனு பங்குனியிலேயே சங்கத்துக்கு வந்துவிடுகின்றது, அடங்கல் நகலுடன்.