அரிசி ஏற்றுமதித் தடைகளும் கூட்டு முயற்சியும்

காவிரிப் பாசனப் பிரதேசத்தில் நெல் விளைவிப்பது எவ்வாறு என்பதை நம் விவசாயிகளுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஆனால் விளைந்த நெல் அரிசியாகிக் கடல் கடந்து அயல்நாட்டுக் கடையை அடையும் வழியில் என்னென்ன தடைகள் நிற்கின்றன, அவற்றை நீக்க யார் யார் ஒன்றுசேர வேண்டும் என்பவை கிராமங்களில் அதிகம் பேசப்படாத விஷயங்கள். அது வியாபாரிகளின் கவலை, நமக்கு அதனால் என்ன என்று பலர் எண்ணக்கூடும். அத்தடைகளுள் மிகக் கடினமான ஒன்று வயலிலேயே தொடங்குகிறது. ஆதலால் அதை நீக்கும் வேலையும் வயலிலிருந்தே தொடங்க வேண்டியதாகிறது. பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயப் பெருமக்களும் இதனை அறிந்திருப்பது அவசியம்.

பழைய வாணிபம்

தஞ்சை அரிசி நாகப்பட்டினம் துறைமுகத்திலிருந்து இலங்கைக்குச் சென்ற காலம் ஒன்று உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் இலங்கையில் காப்பித் தோட்டங்களும், பின்னர் தேயிலைத் தோட்டங்களும் பெருகின. அங்கு உழைக்கச் சென்ற தமிழ்த் தொழிலாளர்களின் உணவுக்குக் காவிரிக் கரை நெல் பயன்பட்டது. நாளடைவில் விலை மலிந்த பர்மா அரிசி அச்சந்தையைப் பெரும்பாலும் பிடித்துக்கொண்டது. 1930-க்குப் பின் வந்த உலக வாணிப மந்தத்தின்போது, சயாம், இந்தோ-சீனா ஆகிய நாடுகளின் அரிசி சென்னை மாகாணத்திற்குள்ளேயே வந்து குவிந்தது. நெல் விலை வீழ்ந்தது. தஞ்சை மிராசுதார்கள் சர்க்காரிடம் முறையிட்டனர். 1935-இல் இறக்குமதியாகும் நொய்யரிசியின்மீது வரி விதிக்கப்பட்டது.

இவ்வரலாற்றில் நாம் கவனிக்க வேண்டிய உண்மை ஒன்று உண்டு. தடை என்பது பிறர் மட்டுமே எழுப்புவதன்று. நம் முன்னோர்களும் அதைக் கேட்டுப் பெற்றிருக்கிறார்கள். ஒவ்வொரு நாடும் தன் குடியானவனையும் தன் நாட்டு உண்போரையும் காக்கவே வேலி போடுகிறது. ஆகவே ஒரு தடையை எதிர்ப்பதற்கு முன், அது எதனைக் காக்க எழுந்தது என்று அறிவது முதற்கடமை. காரணம் தெரிந்தால், அதனை நீக்கும் வழியும் தெரியும்.

மூவகைத் தடைகள்

ஏற்றுமதிக்குக் குறுக்கே நிற்கும் தடைகளை மூன்றாகப் பிரிக்கலாம். வாங்கும் நாடு விதிக்கும் சுங்க வரியும் அளவுக் கட்டுப்பாடும் முதல் வகை. மருந்து எச்சம், பூச்சி, பூஞ்சை ஆகியவை பற்றி அந்நாடு வகுத்துள்ள சுகாதார விதிகள் இரண்டாம் வகை. நம் நாட்டு சர்க்காரே நாட்டின் உணவு நிலையை முன்னிட்டு விதிக்கும் கட்டுப்பாடுகள் மூன்றாம் வகை. முதல் வகை, சர்க்கார்கள் தமக்குள் பேசித் தீர்க்க வேண்டியது. மற்ற இரண்டிலும் விவசாயிகள், ஆலைக்காரர்கள், ஏற்றுமதியாளர்கள் ஆகியோரின் சங்கங்களுக்கு நிறைய வேலை இருக்கிறது.

நம் நாட்டுக் கட்டுப்பாடுகள்

உலக அரிசி வாணிபத்தில் ஏறத்தாழ 40 சதவீதம் இந்தியாவினுடையது. உள்நாட்டில் விலை ஏறும் என்ற அச்சம் எழுந்தபோது, மத்திய சர்க்கார் 2022 செப்டம்பரில் நொய்யரிசி ஏற்றுமதியைத் தடை செய்தது. 2023 ஜூலையில் பாசுமதி அல்லாத பச்சரிசி ஏற்றுமதியும் தடை செய்யப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் புழுங்கலரிசிமீது 20 சதவீத ஏற்றுமதி வரி விதிக்கப்பட்டது. உணவுப் பற்றாக்குறை நேருமோ என்று ஐயுறும் சர்க்கார் இவ்வாறு செய்வதில் நியாயம் உண்டு. ரேஷன் அரிசியை நம்பி வாழும் கோடிக்கணக்கான குடும்பங்களை மறந்துவிட்டு நாம் ஏற்றுமதியைப் பற்றிப் பேசலாகாது.

எனினும் இத்தகைய கட்டுப்பாடு எத்தனை நாள் நீடிக்க வேண்டும், எந்த ரகத்திற்குப் பொருந்த வேண்டும் என்பவற்றில் தொழில் அறிந்தோரின் சொல்லுக்கு மதிப்பு உண்டு. பாசுமதி அரிசியின் கதை இதற்குச் சான்று. 2023 ஆகஸ்டில், டன்னுக்கு 1,200 டாலருக்குக் குறைந்த விலையில் பாசுமதியை ஏற்றுமதி செய்யலாகாது என்ற விதி வந்தது. அவ்விலை மிக அதிகம் என்றும், வெளிநாட்டார் வாங்க மறுத்தால் மண்டிக்கு வரும் புது நெல்லின் விலை விழும் என்றும் ஏற்றுமதியாளர் சங்கங்கள் எடுத்துரைத்தன. விவசாயிகளும் கவலை தெரிவித்தனர். அக்டோபரில் அவ்வெல்லை 950 டாலராகக் குறைக்கப்பட்டது. 2024 செப்டம்பரில் அடியோடு நீக்கப்பட்டது. அதே மாத இறுதியில் பச்சரிசித் தடை விலகியது. அக்டோபரில் புழுங்கலரிசி வரி நீங்கியது. 2025 மார்ச்சில் நொய்யரிசித் தடையும் நீங்கியது. கையிருப்பு பெருகியதே இதற்கு முதற்காரணம். ஆயினும் விற்பவரும் விளைவிப்பவரும் ஒரே குரலில் பேசிய இடத்தில் பரிகாரம் விரைவில் வந்தது என்பதை மறுக்க இயலாது.

டெல்டாவில் விளையும் நெல்லில் பெரும்பகுதி தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் நேரடிக் கொள்முதல் நிலையங்களுக்கே போகிறது. அது நமக்குக் காப்பு. அந்நிலையங்களோடு தனியார் ஆலைக்காரர்களும் போட்டியிட்டு வாங்க வரும்போது விவசாயிக்கு வேறொரு வாயிலும் திறக்கிறது. வெளிச்சந்தை அடைபடும்போது அவ்வாயில் சுருங்குகிறது. ஏற்றுமதி விஷயம், ஒரு மூட்டையும் கடல் தாண்டி அனுப்பாத விவசாயியையும் தொடும் விதம் இதுவே.

வயலில் தொடங்கும் தடை

இனி இரண்டாம் வகைக்கு வருவோம். நெற்பயிரில் குலைநோய் தோன்றினால் டிரைசைக்ளசோல் என்னும் மருந்தைத் தெளிப்பது நம் வழக்கம். இம்மருந்தின் எச்சம் ஒரு கிலோ அரிசியில் 1 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்று ஐரோப்பிய ஒன்றியம் முன்னர் அனுமதித்திருந்தது. 2017-இல் அந்த அளவை 0.01 மில்லிகிராமாகக் குறைத்தது. அதாவது, ஒரு டன் அரிசியில் 1 கிராம் இருக்கலாம் என்றிருந்தது, நூறு டன்னில் 1 கிராம் மட்டுமே இருக்கலாம் என்றாகிவிட்டது. நூறு டன் என்பது ஐம்பது கிலோ மூட்டைகளாக 2,000 மூட்டை. பல வயல்களின் நெல் ஆலையில் ஒன்றாகக் கலந்துவிடுகிறது. ஆகையால் ஒருவர் வயலில் அளவு மீறித் தெளித்த மருந்து, தெளிக்காத பலருடைய நெல்லையும் சேர்த்துக் கெடுத்துவிடும். இக்குற்றத்தை ஆலையில் தீட்டியோ சலித்தோ முழுவதும் நீக்க முடியாது.

பஞ்சாப் ராஜ்யத்தில் இதனை எதிர்கொண்ட முறை அறியத்தக்கது. அரிசி ஆலை ஏற்றுமதியாளர் சங்கத்தினர் தாங்களே மாதிரிகளைச் சோதித்து, எச்சம் மிகுந்திருப்பதை ராஜ்ய சர்க்காருக்குத் தெரிவித்தனர். சர்க்கார் 2022-இல் பாசுமதிப் பருவத்தில் டிரைசைக்ளசோல் உள்ளிட்ட 10 மருந்துகளின் விற்பனையையும் உபயோகத்தையும் 60 நாட்களுக்குத் தடை செய்து, மாற்று மருந்துகளை விவசாயிகளுக்கு எடுத்துக் கூறியது. குறையை மூடி மறைக்காமல் வெளியிட்டதே அச்சங்கம் செய்த பெரும் உபகாரம்.

மகாராஷ்டிரத் திராட்சை தரும் பாடம்

மகாராஷ்டிரத்தில் திராட்சை பயிரிடுவோரின் கூட்டுறவுச் சங்கங்கள் பல ஒன்றுகூடி 1991-இல் மகாகிரேப்ஸ் என்ற கூட்டு ஸ்தாபனத்தை ஏற்படுத்தின. பழத்தைக் குளிரவைத்து, தரம் பிரித்து, ஒரே பெயரில் ஐரோப்பாவுக்கு அனுப்பின. 2003-இல் மருந்து எச்சம் பற்றிய புகார் எழுந்தது. அதன் பின் அபேடா என்று வழங்கும் வேளாண் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையம், 2006-இல் கிரேப்நெட் என்ற ஏற்பாட்டைத் தொடங்கியது. இதன்படி ஒவ்வொரு தோட்டமும் பதிவு செய்யப்படுகிறது. அறுவடைக்கு முன்பே மாதிரி எடுத்துச் சோதிக்கப்படுகிறது. பெட்டியைக் கொண்டே அது எந்தத் தோட்டத்துப் பழம் என்று கண்டறியலாம்.

இவ்வளவு ஏற்பாடு இருந்தும், 2010-இல் சோதனைப் பட்டியலில் சேராதிருந்த க்ளோர்மெக்வாட் என்னும் வளர்ச்சி அடக்கியின் எச்சத்தால் நம் திராட்சை ஐரோப்பாவில் மறுக்கப்பட்டது. உடனே பட்டியல் திருத்தப்பட்டது, வாணிபம் மீண்டது. தோட்டவாரியான பதிவும் சோதனைச் சாலைகளும் ஏற்கெனவே இருந்தமையால், திருத்தத்தை நடைமுறைக்குக் கொண்டுவர ஏற்ற சாதனம் கையிலிருந்தது. அமைப்பு ஏதுமின்றித் தனித்தனியே விற்கும் பொருளுக்கு இத்தகைய மறுப்பு நேர்ந்தால் மீள்வது மிகக் கடினம். 2014-இல் கிருமி காரணமாக ஐரோப்பா தடைசெய்த வங்கதேசத்து வெற்றிலைக்கு அத்தடை நீங்க 2021 ஆயிற்று. 2025-இல் புவிசார் குறியீடு பெற்ற கும்பகோணம் வெற்றிலையைப் பயிரிடுவோர் இதனை நினைவிற் கொள்ள வேண்டும். கொடிக்காலுக்கு விடும் நீரும், இலையைக் கழுவும் நீரும் சுத்தமாயிருந்தால்தான் அக்குறியீடு பயன் தரும்.

டெல்டாவில் உள்ள சாதனங்கள்

நம் பிரதேசம் வெறுங்கையோடு நிற்கவில்லை. ஆடுதுறையில் 1922 முதல் நெல் ஆராய்ச்சி நிலையம் பணியாற்றி வருகிறது. 1967-இல் திருவாரூரில் கூட்டுறவு விற்பனைச் சம்மேளனத்தின் நவீன அரிசி ஆலை வளாகத்தில் ஓர் ஆய்வுக்கூடமாகத் தொடங்கியது, இன்று தஞ்சாவூரில் தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமாக வளர்ந்திருக்கிறது. விவசாயிகளின் கூட்டுறவு ஆலையே அவ்வாராய்ச்சிக்கு இடம் தந்தது என்பது நாம் பெருமைப்படத்தக்க செய்தி. தொடக்கக் கூட்டுறவுச் சங்கங்கள், ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்கள், உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் ஆகியவையும் உள்ளன. காரைக்காலிலும் தூத்துக்குடியிலும் துறைமுகங்கள் இருக்கின்றன. அயல்நாடுகளில் வாழும் தமிழர்கள் பொன்னி அரிசியையும் இட்லி அரிசியையும் தேடி வாங்குகிறார்கள். குறைவாக இருப்பது, இவற்றையெல்லாம் இணைக்கும் ஏற்பாடு ஒன்றே.

பெயரைக் காப்பதற்கும் கூட்டு அமைப்பு தேவை. காவிரியின் பெயரைத் தாங்கிய பொன்னி ரகம், மலேயாவிலிருந்து வந்த மாஷூரி நெல்லின் வழியில் தோன்றியது. 1986-இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக் கழகம் மேம்படுத்திய வெள்ளைப் பொன்னியை வெளியிட்டது. மலேசிய நிறுவனம் ஒன்று பொன்னி என்ற சொல்லைத் தன் வணிகக் குறியாகப் பதிந்துகொண்டபோது, அபேடா அந்நாட்டு நீதிமன்றத்தை நாட நேர்ந்தது. இத்தகைய வழக்கைத் தனி வியாபாரி ஒருவர் நடத்துவது எளிதன்று.

மேலும், 1995 முதல் நடைமுறையிலுள்ள உலக வர்த்தக உடன்பாட்டின்படி, ஒரு நாடு புதிய சுகாதார விதியை வகுக்குமுன் அதன் வரைவை மற்ற நாடுகளுக்கு அறிவிக்க வேண்டும். கருத்துக் கூறப் பொதுவாக 60 நாள் அவகாசம் உண்டு. குலைநோய் மருந்து பற்றிய விதி போன்ற ஒன்று வரைவு நிலையில் இருக்கும்போதே ஆலைக்காரர் சங்கம் அதைப் படித்து, ஆராய்ச்சி நிலையத்திடம் விவரம் பெற்று, சர்க்கார் மூலம் பதில் அனுப்பினால் கால அவகாசமாவது கேட்டுப் பெறலாம். விதி வந்த பின் முறையிடுவதைவிட இது மேலானது.

பஞ்சாயத்துகள் செய்யத் தக்கவை

1. ஒரு கிராமத்தில், அல்லது அடுத்தடுத்துள்ள வயல்களில், ஏற்றுமதிக்கு ஏற்ற ஒரே ரகத்தைப் பயிரிட விரும்புவோரைக் கிராம சபையில் கூட்டிப் பேசலாம். கலப்பு நெல்லுக்கு நல்ல விலை கிடைக்காது.

2. ஒவ்வொரு விவசாயியும் மருந்துக் குறிப்பேடு வைத்திருக்கச் செய்யலாம். மருந்தின் பெயர், அளவு, தெளித்த தேதி, அறுவடைத் தேதி ஆகிய நான்கும் அதில் இருந்தால் போதும்.

3. குலைநோயை மருந்தின்றிக் குறைக்கும் வழிகளை வேளாண்மை அதிகாரிகளைக் கொண்டு விளக்கலாம். தழைச்சத்தை அளவோடு பிரித்து இடுதல், வரப்பிலுள்ள புல்லை அகற்றுதல், விதையைச் சூடோமோனாஸ் கொண்டு நேர்த்தி செய்தல் ஆகியன பயன் தரும். பி.பி.டி. 5204 போன்ற ரகங்கள் இந்நோய்க்கு எளிதில் ஆட்படுவன என்பதையும் எடுத்துரைக்க வேண்டும்.

4. பொதுக் களம் அமைக்கலாம். குறுவை அறுவடை மழையோடு வருகிறது. கொள்முதல் நிலையம் 17 சதவீத ஈரப்பதம் வரை ஏற்கும். ஆனால் நெல் கெடாமல் இருப்பில் நிற்க ஈரப்பதம் 14 சதவீதத்திற்கு மேற்படலாகாது. தார்ச் சாலையில் உலர்த்தும் நெல்லில் கல்லும் மண்ணும் சேர்கின்றன. பூஞ்சைக்கும் வழி ஏற்படுகிறது.

5. அறுவடைக்கு முன்பே கூட்டாக மாதிரி எடுத்துச் சோதனைக்கு அனுப்பலாம். ஒருவர் தாங்க முடியாத செலவு ஐம்பது பேர் பகிர்ந்தால் இலகுவாகும்.

ஆதாயம் யாருக்கு?

இவ்வளவு சிரமத்தின் பலன் விவசாயியின் வீட்டுக்கு வந்து சேருமா என்ற கேள்வி நியாயமானது. தானாக வந்து சேராது. மருந்தைக் குறைத்ததனால் மகசூல் சற்றுக் குறைந்தால், அந்நஷ்டம் விவசாயியினுடையதாகவும் அயல்நாட்டு விலையின் இலாபம் மற்றவருடையதாகவும் இருந்தால், அவ்வேற்பாடு இரண்டு பருவம்கூட நிலைக்காது. மகாராஷ்டிரத்தில் விளைவித்தோரின் சங்கங்களே ஸ்தாபனத்தின் பங்காளிகளாக இருந்தன என்பதை இங்கு நினைவுகூர வேண்டும். நம் உற்பத்தியாளர் நிறுவனங்களும் ஆலைக்காரர் சங்கங்களும் நடவுக்கு முன்பே எழுத்து மூலம் உடன்படிக்கை செய்துகொள்ள வேண்டும். குறிப்பேடு வைத்து, சோதனையில் தேறிய நெல்லுக்குச் சர்க்கார் கொள்முதல் விலைக்கு மேல் இவ்வளவு என்று அதில் தெளிவாக எழுதப்பட வேண்டும். ஏற்றுமதி நின்றுபோனாலும் நெல் கொள்முதல் நிலையத்திற்குச் செல்ல வழி இருக்க வேண்டும். குத்தகைதாரர்களும் சிறு விவசாயிகளும் இதில் விடுபடாமல் பார்த்துக்கொள்வது பஞ்சாயத்தின் கடமை.

வாய்க்காலின் தலைமடையை ஒருவர் அடைத்தால் கடைமடை காய்கிறது. அதனால்தான் முறை வைத்து நீர் பாய்ச்சவும், ஊர் கூடி வாய்க்கால் தூர் வாரவும் நம் முன்னோர்கள் பழகியிருந்தார்கள். ஏற்றுமதிச் சந்தையும் அத்தகைய பொது வாய்க்காலே. குறுவை நாற்றங்காலுக்கு முன் நடைபெறும் கிராம சபைக் கூட்டத்தில் இவ்விஷயத்தை ஒரு பொருளாகச் சேர்த்து, மருந்துக் குறிப்பேட்டையாவது இவ்வாண்டு தொடங்கிவிட்டால், அதுவே நல்ல ஆரம்பமாகும்.