பிள்ளைக்கு ஐ.இ.பி.யா? பதறும் முன்...

அமெரிக்காவில் இருக்கும் தமிழ்க் குடும்பத்துக்குப் பள்ளியிலிருந்து, ‘உங்கள் பிள்ளையை மதிப்பீடு செய்ய ஒப்புதல் வேண்டும்’ என்று கடிதம் வந்தால், அன்று பல வீடுகளில் அடுப்பு எரிவதில்லை. ஐ.இ.பி. என்கிற, குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கான தனிநபர் கல்வித் திட்டம் பற்றி வாட்ஸ்அப் குழுக்களில் உலவுவதில் பாதி பயம், மீதி அரைகுறைத் தகவல்.

“தனி வகுப்பில் தள்ளிவிடுவார்கள்.”

சட்டம் சொல்வது நேர்மாறு. 1975-ல் வந்து, 1990-ல் ‘ஐடியா’ என்று பெயர் மாறிய சட்டம், இயன்றவரை மற்றப் பிள்ளைகளோடு சேர்த்தே படிக்க வைக்கச் சொல்கிறது. பிரித்து உட்கார வைத்தால், ஏன் என்று திட்டத்திலேயே பள்ளி எழுத வேண்டும். இன்று இச்சட்டத்தின் கீழ் வரும் மாணவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர், பள்ளி நேரத்தில் 80 விழுக்காட்டுக்குக் குறையாமல் பொது வகுப்பில்தான் இருக்கிறார்கள்.

“பள்ளி எழுதித் தரும், நாம் கையெழுத்துப் போட வேண்டியதுதான்.”

இதுதான் உண்மையிலேயே கெடுதல் செய்யும் நம்பிக்கை. வகுப்பாசிரியர், சிறப்பாசிரியர், கல்வி மாவட்டத்தின் பிரதிநிதி ஆகியோரைப் போலவே பெற்றோரும் திட்டம் எழுதும் குழுவின் உறுப்பினர். கூட்டத்துக்கு முன்பே வரைவைக் கேட்டு வாங்குங்கள். வாங்கியதும் நேராக இலக்குகள் இருக்கும் பக்கத்துக்குப் போங்கள். ‘வாசிப்புத் திறனை வளர்த்துக்கொள்வாள்’ என்று இருந்தால் அது வெறும் ஆசீர்வாதம். ‘இப்போது இரண்டாம் வகுப்புப் பாடத்தை நிமிடத்துக்கு 40 சொல் சரியாக வாசிக்கிறாள், வரும் மே மாதத்துக்குள் 80’ என்று இருந்தால்தான் நாளைக்குப் பிடித்துக் கேட்க முடியும். அடுத்து சேவைகள் பக்கம்: ஸ்பீச் தெரபி வாரத்துக்கு எத்தனை முறை, எத்தனை நிமிடம், தனியாகவா குழுவிலா? ‘தேவைப்படும்போது’ என்று எழுதியிருந்தால் விடாதீர்கள். தேவையை யார் முடிவு செய்வது?

சேவை முதன்முதலாகத் தொடங்கப் பெற்றோரின் எழுத்து ஒப்புதல் கட்டாயம். அதற்குப் பிந்தைய ஆண்டுத் திருத்தங்களில் நம் மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளும் மாநிலங்களும் உண்டு. உடன்பாடு இல்லையென்றால் எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

போன வருட இலக்கையே தேதி மாற்றி நீட்டுவதும் நடக்கும். கொலராடோவில் ஆட்டிசம் உள்ள ஒரு சிறுவனுக்குப் பெரும்பாலும் ஒரே இலக்குகள் வருடா வருடம் தொடர, பெற்றோர் வழக்குப் போட்டார்கள். 2017-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது: பேருக்கு ஏதோ முன்னேற்றம் போதாது, அந்தப் பிள்ளையின் நிலைமைக்குத் தகுந்த முன்னேற்றம் கிடைக்கும்படி திட்டம் அமைய வேண்டும்.

“வீட்டில் தமிழ் பேசியதால்தான் இப்படி.”

இருமொழிச் சூழல் பேச்சுக் குறைபாட்டை உண்டாக்குவதில்லை. ஆங்கிலம் போதவில்லை என்பதையே முதன்மைக் காரணமாக்கி ஒரு பிள்ளையைக் குறைபாடு உள்ளவர் என்று வகைப்படுத்தவும் சட்டம் விடாது. கூட்டத்துக்கு மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம், செலவு பள்ளியுடையது. ‘நமக்குத்தான் இங்கிலீஷ் தெரியுமே’ என்று நம்மவர்கள் கூச்சப்படுகிறார்கள். ஆபீஸ் ஆங்கிலம் வேறு, உளவியலாளர் அறிக்கையின் ஆங்கிலம் வேறு.

“நல்ல மார்க் வாங்கும் பிள்ளைக்குக் கிடைக்காது.”

வகுப்புக்கு வகுப்பு தேறிக்கொண்டிருப்பது மட்டுமே மறுப்பதற்குக் காரணமாகாது. மதிப்பீடு வேண்டும் என்று வாய்மொழியாகக் கேட்காமல் கடிதமாகக் கொடுங்கள். ஒப்புதல் தந்த நாளிலிருந்து மதிப்பீட்டுக்கு 60 நாள் கெடு. மாநிலம் வேறு கெடு வைத்திருந்தால் அது.

“விசாவில் இருப்பவர்கள் கேட்க முடியாது.”

முடியும். அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளையின் குடியேற்ற நிலை இதில் கணக்கில்லை.

“ஊருக்குத் திரும்பினாலும் செல்லும்.”

செல்லாது. இந்தியாவில் வேறு சட்டம்: 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். தேர்வுச் சலுகைக்கு இந்தியச் சான்றிதழைத்தான் கேட்பார்கள். ஆனால் மதிப்பீட்டு அறிக்கைகளையும் முன்னேற்றப் பதிவுகளையும் பெட்டியில் எடுத்து வையுங்கள். புதுப் பள்ளியின் சிறப்பாசிரியர் முதலில் அவற்றைத்தான் புரட்டுவார்.