மகாவலியின் எல்லையோரம்: தெல்தெனியவைச் சுற்றிய துவிச்சக்கர வண்டிப் பாதைகள்

கண்டி நகரை மேற்கிலும் வடக்கிலும் கிழக்கிலும் மகாவலி கங்கை வளைத்து ஓடுகிறது. தலைநகரிலிருந்து கீழ்த்திசைக்குப் புறப்படும் எவரும் இந்த ஆற்றைக் கடந்தே தும்பரைப் பள்ளத்தாக்கினுள் நுழைய முடியும் என்பதால், கண்டி இராச்சிய காலத்தில் ஆறே நகரின் கிழக்கு அரணாகவும் எல்லையாகவும் விளங்கியது. ஆற்றுக்கு அப்பால் உள்ள தும்பரை நாடு உடதும்பர, மெததும்பர, பாததும்பர என மூன்று பிரிவுகளாக நிருவகிக்கப்பட்டது. அவற்றுள் நடுப்பகுதியான மெததும்பரவின் நகரமே தெல்தெனிய. நாட்டினுள் நுழையும் வழிகளில் ‘கடவத்த’ எனப்பட்ட காவல் நிலைகள் இருந்தன. முட்செடிகளைக் கட்டி உயர்த்தியும் தாழ்த்தியும் வழியை அடைக்கும் முட்கதவுகளே அவற்றின் அடையாளம் என்பதை, 1660இல் சிறைப்பட்டு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கண்டி நாட்டில் வாழ்ந்த றொபர்ட் நொக்ஸ் பதிவுசெய்துள்ளார். ஆறு, கணவாய், காடு என அடுக்கடுக்காக அமைந்த இந்தப் பாதுகாப்பை மோட்டார் வாகனத்தில் விரைந்து செல்பவர் உணர்வது கடினம். ஏற்றத்தையும் இறக்கத்தையும் தம் கால்களால் அளந்து செல்லும் துவிச்சக்கர வண்டி ஓட்டுநருக்கு அது எளிதில் விளங்கும்.

புறப்படுவதற்கு முன் சில ஏற்பாடுகள் அவசியம். கண்டியையும் மகியங்கனையையும் இணைக்கும் ஏ-26 வீதி தார் இடப்பட்ட நல்ல வீதியே எனினும், அதில் தனியார் பஸ்கள் மிகுந்த வேகத்தில் ஓடுவதால், காலை ஆறு மணிக்கு முன்பே நகரை விட்டு வெளியேறிவிடுவது உத்தமம். மெல்லிய பந்தய டயர்களைவிடச் சற்று அகலமான டயர்கள் கிளை வீதிகளுக்கு ஏற்றவை. மலையேறுவதற்கு மிகச் சிறிய கியர் இன்றியமையாதது. பிரேக் கட்டைகளைப் புறப்படும் முன்னரே மாற்றிக்கொள்ள வேண்டும், ஏனெனில் நீண்ட இறக்கங்களில் பாதி தேய்ந்த கட்டைகள் ஒரே நாளில் முற்றாகத் தேய்ந்துவிடக்கூடும். உதிரி டியூபுகளையும் காற்றடிக்கும் பம்பையும் கண்டியிலேயே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. காலத்தைப் பொறுத்தவரை, பெப்ரவரியும் மார்ச்சும் மிக உகந்த மாதங்கள். நவம்பர் முதல் ஜனவரி வரை வடகீழ்ப் பருவமழை கிழக்குச் சரிவுகளில் கடுமையாகப் பெய்து மண்சரிவுகளை உண்டாக்குகிறது. ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பிற்பகல்தோறும் இடியுடன் மழை வரும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மழை குறைவு, ஆயினும் மலையின் மேற்குப் புறத்தில் ஈரத்தை இழந்து கீழிறங்கும் வறண்ட கச்சான் காற்று திரும்பி வருபவரை எதிர்த்து வீசும்.

முதற் பாதை கண்டியிலிருந்து லேவெல்ல வழியாக ஆற்றைக் கடப்பது. பிரதான வீதி தென்னெக்கும்புர பாலத்தினூடாகச் செல்கிறது என்றாலும், லேவெல்ல வழியே அமைதியானதும் வரலாற்றுச் செறிவு மிக்கதும் ஆகும். இதற்கு அண்மையில், வட்டபுளுவ ஆற்றங்கரையில், 1803 ஜூனில் மேஜர் டேவியின் பிரித்தானியப் படை வெள்ளம் பெருகிய மகாவலியைக் கடக்க இயலாமல் அகப்பட்டு அழிந்தது. அரியணைக்கு உரிமை கோரிய நாயக்கர் குலத்து முத்துசாமி, அப்படையினரால் கண்டியாரிடம் ஒப்படைக்கப்பட்டுக் கொல்லப்பட்டதும் அங்கேதான். பாலத்துக்கு அப்பால் அமுணுகமவில் உள்ள தெகல்தொருவ குகை விகாரை கீர்த்தி சிறீ இராசசிங்கன் (1747–1782) காலத்தது. அதன் சுவரில் வெஸ்ஸந்தர ஜாதகம், அதாவது புத்தர் தம் முற்பிறவியொன்றில் அனைத்தையும் தானமாக அளித்த கதை, கிடைப்பட்டைகளாகத் தீட்டப்பட்டுள்ளது. கூரைப் பாறையில் புத்தரை எதிர்த்த மாரனின் போர்க்காட்சி நிறைந்திருக்கிறது. சிவந்த பின்னணியில் உருவங்கள் ஒன்றையொன்று தொட்டு நகரும் இந்த ஓவியங்களுக்கு அரை மணி நேரமாவது ஒதுக்காமல் கடந்து செல்வது பெரும் இழப்பாகும். அங்கிருந்து கிளை வீதிகளில் வழிகேட்டுக் குண்டசாலைப் பக்கம் சென்றால், நத்தரம்பொத்தவுக்கு அண்மையில் கல்மடுவ கெடிகே எனும் கற்கட்டடத்தைக் காணலாம். ‘கெடிகே’ என்பது கூரை உட்பட முழுவதையும் கல்லாலோ செங்கல்லாலோ எழுப்பும் பௌத்த ஆலய வகை. இதன் படிப்படியாகக் குறுகி உயரும் கூம்பு வடிவம் தமிழ்நாட்டுக் கோயில் விமானத்தை உடனே நினைவூட்டும். மதுரையோடு மண உறவு கொண்டிருந்த ஓர் அரச குலத்தின் காலத்தில் அது எழுப்பப்பட்டது என்பதை அறிந்தவருக்கு இதில் வியப்பிராது.

குண்டசாலையைக் கடந்து பல்லேகலை, பலகொல்ல, கெங்கல்ல, அம்பகோட்டை, திகன எனத் தொடரும் ஏ-26 வீதி மென்மையான ஏற்ற இறக்கங்களைக் கொண்டது. 2018 மார்ச்சில் திகனவிலும் தெல்தெனியவிலும் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டு, நாடெங்கும் அவசரகால நிலை அறிவிக்கப்பட்டது. அதை மனத்தில் கொண்டு, வண்டியை நிறுத்தித் தேநீரும் ரொட்டியும் கேட்க வேண்டிய இடங்கள் இந்த வீதியோரத்துச் சிறு கடைகளே. அவற்றைத் தவிர்த்து உணவைப் பையில் சுமந்து செல்ல வேண்டிய தேவையே இல்லை.

இன்று காணப்படும் தெல்தெனிய, பழைய தெல்தெனிய அன்று. மகாவலியுடன் ஹுலு கங்கை கலக்கும் பகுதியில் இருந்த பழைய நகரம், விக்டோரியா அணைக்கட்டு கட்டப்பட்டபோது நீரில் மூழ்கியது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. புகையிலையும் கொக்கோவும் விளைந்த பள்ளத்தாக்கின் அடிநிலம் ஏரியானது. பிரித்தானிய நிதியுதவியுடன் கட்டப்பட்டு 1985 ஏப்ரலில் மார்கரட் தட்சர் முன்னிலையில் திறந்துவைக்கப்பட்ட இந்த அணை 122 மீற்றர் உயரமானது, இலங்கையின் மிக உயர்ந்த அணை. நீரின் அழுத்தத்தை இரு பக்கப் பாறைகளுக்குக் கடத்தும்படி கிடையாகவும் நிலைக்குத்தாகவும் வளைத்துக் கட்டப்பட்டிருப்பதால் இது இரட்டை வளைவு வில்லணை எனப்படுகிறது. இதன் மின்நிலையம் 210 மெகாவாட் திறன் கொண்டது. தெல்தெனியவைக் கடந்ததும் வலப்புறம் பிரியும் வீதியில் அணையை அடையலாம். கடும் வறட்சியில் நீர்மட்டம் தாழும்போது பழைய நகரத்தின் கட்டட அடித்தளங்களும் வீதியின் தடமும் வண்டல் படிந்து வெளித்தோன்றும். அந்த வண்டல் மேலே உலர்ந்து வெடித்திருந்தாலும் அடியில் சேறாகவே இருப்பதால், அதன்மீது வண்டியை உருட்டக் கூடாது. அணைக்கு அப்பால் ரந்தெனிகலை நோக்கிச் செல்லும் வீதி 1987இல் பிரகடனப்படுத்தப்பட்ட சரணாலயத்தினூடாகச் செல்கிறது. அங்கு காட்டு யானைகள் நடமாடுவதால், சோதனைச் சாவடியில் அனுமதி கேட்ட பின்னரே துவிச்சக்கர வண்டியில் நுழைய வேண்டும். மாலையில் நுழைவது கூடவே கூடாது.

இப்பாதைகளுள் தமிழ் வாசகர் ஒருபோதும் தவறவிடக் கூடாதது தெல்தெனியவிலிருந்து மெதமகாநுவர வரையான ஏற்றம். ஏரியின் முழு நீர்மட்டமே கடல் மட்டத்திலிருந்து 438 மீற்றரில் இருக்க, வீதி அங்கிருந்து தொடர்ந்து உயர்ந்து, நக்கிள்ஸ் மலைத்தொடரின் தென் சரிவுகளைத் தழுவிச் செல்கிறது. பகைவர் தலைநகரைப் பிடிக்கும்போது மன்னர்கள் பின்வாங்கிய இடங்களுள் ஹங்குரன்கெத்தையும் மெதமகாநுவரவும் முதன்மையானவை. 1815 பெப்ரவரியில் பிரித்தானியப் படை கண்டியை நெருங்கியபோது, கடைசி மன்னன் சிறீ விக்கிரம இராசசிங்கன் இந்த வழியாகவே தன் அரசியருடன் தப்பி வந்தான். 1798இல் முடிசூடுமுன் கண்ணுசாமி என்ற பெயரோடு வாழ்ந்த அவன், மதுரை நாயக்கர் குலத் தொடர்பால் கண்டி அரியணை ஏறிய மன்னர்களுள் இறுதியானவன். பெப்ரவரி 18இல், மெதமகாநுவரவை அடுத்த போமுரேயில் ஒரு வீட்டில் மறைந்திருந்த அவனை, பிரித்தானியர் பக்கம் சேர்ந்திருந்த பிரதானி எக்னெலிகொட நிலமேயின் ஆட்கள் சிறைப்பிடித்தனர். பன்னிரண்டு நாட்களுக்குப் பின், மார்ச் 2இல், இராச்சியத்தைப் பிரித்தானியரிடம் ஒப்படைத்த கண்டி உடன்படிக்கை கைச்சாத்தானது. மன்னன் கொழும்புக்கும், 1816இல் கடல் கடந்து வேலூருக்கும் கொண்டுசெல்லப்பட்டு, 1832இல் அங்கேயே இறந்தான். வேலூரில் பாலாற்றங்கரையில் உள்ள அவனது நினைவிடமான முத்து மண்டபத்தைப் பலர் அறிவர். அந்தப் பயணம் தொடங்கிய போமுரே நினைவிடத்தைத் தேடி வருவோர் மிகச் சிலரே. பிரதான வீதியை விட்டுக் குறுகிய கிராம வீதியில் செல்ல வேண்டியிருப்பதாலும், கடைசிப் பகுதி செங்குத்தானதாலும், வண்டியைத் தள்ளிக்கொண்டு நடக்க ஆயத்தமாகச் செல்ல வேண்டும். சிறைப்பட்டவனை மன்னனென்றும் பாராமல் கட்டி இழுத்துவந்ததாகச் சொல்லப்படும் அந்த வழியை நடந்தே கடப்பது பொருத்தமாகவும் இருக்கும்.

அதற்கு மேலே ஹுன்னஸ்கிரியவில் இடப்புறம் பிரியும் வீதி கோர்பெட் கணவாய் வழியாக மீமுரே கிராமத்துக்குச் செல்கிறது. 2010இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்த மத்திய மலைநாட்டின் ஒரு பகுதி இந்த நக்கிள்ஸ் மலைத்தொடர். வீதி குறுகியது, பல இடங்களில் உடைந்தது, மழைக்காலத்தில் அட்டைகள் நிறைந்தது. தடித்த டயர் கொண்ட மலைவண்டிக்கே உரியது.

ஏ-26 வீதியிலேயே தொடர்ந்து செல்பவர் உடதும்பரவைத் தாண்டியதும் பதினெட்டு வளைவு எனப் புகழ்பெற்ற கொண்டை ஊசி வளைவுகளை அடைவார். வீதி பின்னர் அகலிக்கப்பட்டு வளைவுகள் இலகுவாக்கப்பட்டிருந்தாலும், சில கிலோமீற்றரில் மலைநாட்டின் குளிர் நீங்கிச் சமவெளியின் வெக்கை முகத்தில் அறையும் அனுபவம் மாறவில்லை. ஒவ்வொரு வளைவுக்கும் முன்னரே வேகத்தைக் குறைத்து, வளைவினுள் பிரேக்கை விட்டுவிட வேண்டும். தொடர்ந்து அழுத்திப் பிடித்தால் சக்கர விளிம்பு சூடேறி டியூப் வெடிக்கக்கூடும். இடையிடையே நிறுத்தி விளிம்பு ஆறும் வரை காத்திருக்கலாம், அப்போது கீழே மகாவலிச் சமவெளி முழுவதும் தெரியும். அடிவாரத்தில் ஹசலக்க, அதற்கப்பால் மீண்டும் மகாவலி. இங்கு ஆறு மத்திய மாகாணத்துக்கும் ஊவா மாகாணத்துக்கும் எல்லையாக ஓடுகிறது. 1602இல் மட்டக்களப்பில் இறங்கிய ஒல்லாந்தக் கடற்படைத் தலைவன் ஸ்பில்பேர்கன் கண்டி மன்னனைக் காண வந்ததும் மகியங்கனை வழியாகத்தான். அவன் ஏறிய மலையையே இன்றைய பயணி இறங்குகிறார்.

கண்டியிலிருந்து மகியங்கனை சுமார் 73 கிலோமீற்றர். பழகியவர் ஒரே நாளில் இத்தூரத்தைக் கடக்கலாம் எனினும், தெல்தெனியவிலோ திகனவிலோ ஓர் இரவு தங்கி, முதல் நாளை விகாரைகளுக்கும் ஏரிக்கும், இரண்டாம் நாளை மெதமகாநுவரவுக்கும் வளைவுகளுக்கும் ஒதுக்குவதே சிறந்தது. திரும்பும்போது அதே வளைவுகளை வெயிலில் ஏறுவது மிகுந்த பயிற்சி உள்ளவர்களுக்கே இயலும். ஏனையோர் வண்டிகளை ஏற்றிச் செல்லக்கூடிய வான் ஒன்றை முன்கூட்டியே பேசி வைத்து, அதை நண்பகலுக்குள் மகியங்கனைக்கு வரச் சொல்வது நல்லது. பிற்பகல் மழை தொடங்கிவிட்டால் மலைமுகட்டில் மூடுபனி இறங்கி, முன்னால் செல்லும் வாகனமும் தெரியாமல் போகும்.