மணிக்கட்டு மாற்றம்: வெற்றி என்பது எது?



முழங்கால் மூட்டை மாற்றிக்கொண்டு நன்றாக நடமாடுகிறவர்களை நாம் பார்த்திருக்கிறோம். ஆகவே முடக்குவாதத்தால் மணிக்கட்டு கெட்டுப்போனவர்கள், "எங்களுக்கும் அப்படி மாற்றிவிடலாமே?" என்று எங்களிடம் கேட்கிறார்கள். இதைச் சற்றுப் படிப்போம்.

மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள் உண்டு. செயற்கை மூட்டின் ஒரு பாகம் முன்கையின் ஆரை எலும்பிலும், மறுபாகம் நோயால் அரிக்கப்பட்ட இச்சிறு எலும்புகளிலும் பொருத்தப்படுகிறது. அங்கே பிடிமானம் குறைவு. நாளடைவில் பெரும்பாலும் அந்தப் பாகமே தளர்கிறது.

1890இல் பெர்லினில் தெமிஸ்டோக்ளெஸ் குளுக் என்ற மருத்துவர், காசநோயால் கெட்ட மணிக்கட்டில் தந்தத்தாலான மூட்டை வைத்தார். கை அசைந்தது, நோயோ உள்ளேயே இருந்ததால் புண் ஆறாமல் சீழ் வடிந்தது. 1960களில் அமெரிக்க மருத்துவர் ஆல்ஃபிரட் சுவான்சன் சிலிக்கோன் மூட்டைக் கொண்டுவந்தார். வலி தணிந்தது, ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்லப் பல உடைந்தன. பின்வந்த உலோக மூட்டுகள் மேலானவை. ஆயினும் இடுப்பு, முழங்கால் மூட்டுகளைப் போல நீடித்து உழைக்கும் என்று சொல்வதற்கில்லை.

பெரும்பாலோருக்கு வலி நன்றாகக் குறைகிறது. அசைவு பழையபடி முழுவதும் திரும்புவதில்லை. பொத்தான் போடவும் உணவை வாய்க்குக் கொண்டுபோகவும் போதுமான அளவு கிடைக்கிறது. பாரம் தூக்குவதையும் கையை ஊன்றி எழுவதையும் தவிர்க்கவேண்டும்.

மற்றொரு வழி, தகடும் திருகாணியும் வைத்து எலும்புகளை ஒன்றாக இணைத்துவிடுவது. பிடி உறுதிப்படும், வலியும் பெரும்பாலும் தீரும். உள்ளங்கையைத் திருப்பலாம், மணிக்கட்டை மடக்க முடியாது. மண்வெட்டி பிடிக்கிறவருக்கு இதுவே நலம். ஆனால் இரண்டு மணிக்கட்டுகளும் அசையாமற்போனால், கழிப்பறையில் தன்னைச் சுத்தம் செய்யவும் ஒருவர் பிறர் கையை எதிர்பார்க்க நேரிடும். இந்தச் சங்கடத்தை நோயாளிகள் மருத்துவரிடம் சொல்லக் கூசுகிறார்கள். படுக்கையருகே அமரும் எங்களிடம் மெல்லச் சொல்கிறார்கள். இப்படிப்பட்டவருக்கு ஒன்றை இணைத்து, மற்றதை மாற்றுவதுண்டு: ஒரு கை பலத்துக்கு, ஒரு கை அசைவுக்கு.

"சிகிச்சை வெற்றிதானா?" என்று நீங்கள் எழுதிக் கேட்கிறீர்கள். எக்ஸ்ரே படம் மட்டும் அதற்கு விடை தராது. இந்தக் கை நாளை என்ன வேலை செய்யவேண்டும் என்று முன்னதாகவே கேட்டோமா, அந்த வேலையை இன்று அது செய்கிறதா என்பதே விடை.